தாஸ்காவில் முதலுதவி தெரிந்தவர் எத்தனை பேர் இருக்க வேண்டும்?

பிள்ளையைத் தாஸ்காவில் சேர்க்கப் போகும் பெற்றோர் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்பார்கள். மாதக் கட்டணம் எவ்வளவு? சாப்பாடு என்ன கொடுப்பீர்கள்? மாலையில் எத்தனை மணிக்குள் வந்து அழைத்துப் போக வேண்டும்?

நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்பவர்கள் குறைவு. "பிள்ளைக்கு மூச்சு அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று தெரிந்தவர் இந்த நேரத்தில் இங்கே யார்?"

கேட்டால், பல இடங்களில் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைக் காட்டுவார்கள். சான்றிதழ் இருப்பது நல்லதுதான். ஆனால் அதில் பெயர் இருப்பவர் அன்று விடுப்பில் இருக்கலாம். மதியச் சாப்பாடு வாங்கக் கடைக்குப் போயிருக்கலாம். வேலையை விட்டே போயிருக்கலாம். சுவரில் இருக்கும் தாள் பிள்ளையைக் காப்பாற்றாது. அந்த நிமிடத்தில் அந்த அறையில் இருக்கும் கைதான் காப்பாற்றும்.

மூச்சு முழுவதுமாக அடைபட்டால் நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். பட்டணத்தில் சாலை நெரிசலையும், செம்பனைத் தோட்டங்களில் உள்ளே வர வேண்டிய தூரத்தையும் நினைத்துப் பாருங்கள். 999-க்கு அழைத்தவுடன் ஆம்புலன்ஸ் புறப்பட்டாலும், அது வந்து சேரும் வரை பிள்ளை தாஸ்கா ஆசிரியையின் கையில்தான் இருக்கிறது.

ஆயாக் கொட்டகையிலிருந்து தாஸ்காவுக்கு

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆயாக் கொட்டகை நினைவிருக்கும். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய்மார்கள் தூங்கும் பிள்ளையைத் தூக்கி வந்து ஆயாவிடம் விட்டுவிட்டு மரம் வெட்டப் போவார்கள். ஏணை கட்டித் தூங்க வைப்பதும் பால் கலக்கிக் கொடுப்பதும் ஆயாவின் வேலை. ஆயாவுக்கு முதலுதவிச் சான்றிதழ் கிடையாது. ஆனால் கூப்பிடு தூரத்தில் பெற்றவர்கள் இருந்தார்கள். பெரிய தோட்டங்களில் மருந்து வீடும் டிரஸரும் இருந்தார்கள். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்கு வந்த பிறகு அந்தச் சூழல் மாறிவிட்டது. இன்று தாய் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார், தந்தை லோரி ஓட்டிக்கொண்டு வேறு மாநிலத்தில் இருக்கிறார். 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 98 நாள்களாக உயர்ந்திருப்பது நல்ல செய்தி. அப்படியும், விடுப்பு முடிந்து தாய் வேலைக்குத் திரும்பும்போது கைக்குழந்தைக்கு மூன்று மாதம் கடந்திருக்கும், அவ்வளவுதான். கழுத்து சரியாக நிற்காத வயதில் பிள்ளை தாஸ்காவுக்கு வருகிறது. பக்கத்தில் டிரஸர் இல்லை. அதனால் அன்று தோட்டத்தில் மூன்று நான்கு பேர் பார்த்துக்கொண்ட வேலையை இன்று தாஸ்கா ஊழியரே தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன எதிர்பார்க்கிறது?

குழந்தைப் பராமரிப்பு மையங்களுக்கென 1984-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. சட்டம் 308 என்று சொல்வார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கட்டணம் வாங்கிப் பராமரித்தால் அந்த இடத்தைச் சமூகநல இலாகாவில் பதிவு செய்ய வேண்டும். பத்துப் பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தால் வீட்டிலேயே நடத்தும் தாஸ்காவாகப் பதியலாம். தீயணைப்பு மீட்புப் படை, சுகாதார இலாகா, ஊராட்சி மன்றம் ஆகியவற்றின் ஆதரவும் பதிவுக்குத் தேவை. பராமரிப்பாளர்கள் அங்கீகரிக்கப்பட்ட அடிப்படைப் பராமரிப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும்.

இதில் பெற்றோர் மனதில் வைத்திருக்க வேண்டியது ஆள் கணக்கு:

• ஒரு வயதுக்குட்பட்ட 3 பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பாளர்
• ஒரு வயது முதல் மூன்று வயதுக்குள் 5 பிள்ளைகளுக்கு ஒருவர்
• மூன்று முதல் நான்கு வயதுக்குள் 10 பிள்ளைகளுக்கு ஒருவர்

தோட்டங்களைப் பொறுத்தவரை, தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 446 குழந்தைக் காப்பகங்களைப் பற்றியும் பேசுகிறது.

இவற்றோடு தாஸ்கா ஒரு வேலையிடமும்கூட. திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்து, ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களை வைத்திருப்பவர், அவர்களில் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும். முதலுதவி ஏற்பாட்டைக் கவனிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடலாம்.

ஒருவர் போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"எங்கள் தாஸ்காவில் ஒருவர் முதலுதவிப் பயிற்சி எடுத்திருக்கிறார்" என்று நடத்துநர்கள் சொல்வதுண்டு. ஒருவர் போதாது என்பதை ஒரு சாதாரணக் கணக்கே காட்டிவிடும்.

ஒரு தாஸ்காவில் 23 பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கைக்குழந்தைகள் 3, ஒன்று முதல் மூன்று வயதுக்குள் 10, அதற்கு மேல் 10. ஆள் கணக்குப்படி முறையே ஒருவர், இருவர், ஒருவர் என மொத்தம் நான்கு பராமரிப்பாளர்கள் வேண்டும்.

தாஸ்கா காலை 7 மணிக்குத் திறந்து மாலை 6.30-க்கு மூடுகிறது. நாளுக்குப் பதினொன்றரை மணி நேரம். ஐந்து நாளுக்கு 57 மணி 30 நிமிடம். ஆனால் வேலைச் சட்டப்படி ஒருவரின் வழக்கமான வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிதான். பயிற்சி பெற்ற அந்த ஒருவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் வந்தாலும் வாரத்துக்குப் பன்னிரண்டரை மணி நேரம் தாஸ்காவில் முதலுதவி தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்.

சரி, இருவர்? நான்கு பேரில் இருவர் 7 மணி முதல் 4 மணி வரையும், மற்ற இருவர் 9.30 முதல் 6.30 வரையும் வேலை செய்வதாகக் கொள்வோம். காலையில் 9.30 வரை முதல் இருவர் மட்டும்தான் இருப்பார்கள். மாலை 4 மணிக்குப் பிறகு அடுத்த இருவர் மட்டும்தான். அந்த நேரங்களில் பிள்ளைகளின் எண்ணிக்கையும் இருவர் பார்க்கும் அளவுக்குள் இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ஆக, ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவராவது பயிற்சி பெற்றிருந்தால்தான் நாள் முழுவதும் ஆள் இருக்கும்.

ஆனால் ஊழியருக்கு ஆண்டு விடுப்பு உண்டு. சட்டப்படி குறைந்தது 8 நாள். மருத்துவ விடுப்பு குறைந்தது 14 நாள் வரை உண்டு. அவருடைய பிள்ளைக்கே காய்ச்சல் வந்தால் அவசர விடுப்பும் எடுப்பார். காலை ஷிஃப்டில் பயிற்சி பெற்ற ஒருவர் வராத நாளில் அந்த ஷிஃப்ட் முழுவதும் வெறுமை. அதைத் தவிர்க்க ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருவர் வேண்டும். இப்படிப் பார்த்தால் கணக்கு நான்கு பேரையும் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பிள்ளையை ஆம்புலன்ஸில் ஏற்றினால் யாராவது ஒருவர் கூடப் போக வேண்டும். பயிற்சி பெற்ற ஒரே ஆள் போய்விட்டால், மீதி 22 பிள்ளைகளுக்கு யார்? அந்த நேரத்தில் ஆள் கணக்கும் குறைந்துவிடும். பத்து நிமிடத்தில் வந்து கைகொடுக்கக்கூடிய ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்திருப்பது நடத்துநரின் பொறுப்பு.

ஆகவே சுருக்கமான விடை இதுதான்: பிள்ளைகளோடு தனியாக இருக்கக்கூடிய ஒவ்வொருவருக்கும் முதலுதவி தெரிந்திருக்க வேண்டும். சமையல் செய்யும் அம்மாவும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உட்காருவாரானால் அவரும் இதில் சேர்த்திதான்.

பெரியவர்களுக்கான பயிற்சி மட்டும் போதாது

தொழிற்சாலையில் எடுத்த முதலுதவிப் பயிற்சியைக் காட்டி, "இது இருக்கிறதே" என்பவர்களும் உண்டு. பெரியவருக்குச் செய்வது வேறு, கைக்குழந்தைக்குச் செய்வது வேறு. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இதயக் கோளாற்றால் இதயம் நிற்கிறது. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முதலில் மூச்சு நிற்கிறது. அதன் பிறகே இதயம் நிற்கிறது. அதனால் பிள்ளைகளுக்குச் செய்யும் சிபிஆரில் நெஞ்சை அழுத்துவதோடு மூச்சு ஊதுவதும் மிக முக்கியம். தனியாக இருப்பவர் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று செய்ய வேண்டும். அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. ஆழம் நெஞ்சின் மூன்றில் ஒரு பங்கு. கைக்குழந்தைக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்.

பயிற்சிக்குப் பதிவு செய்யும்போதே, "கைக்குழந்தைப் பொம்மையில் செய்து பழக வாய்ப்பு உண்டா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் அது தாஸ்காவுக்கு ஏற்ற பயிற்சி அல்ல.

நாம் பழகிய சில கைவைத்தியங்கள்

பயிற்சி ஏன் வேண்டும் என்பதற்கு நம் வீட்டுப் பழக்கங்களே காரணம் சொல்லும்.

*புரை ஏறினால்:* உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறார்கள்" என்போம். பிள்ளை பலமாக இருமினால் காற்று போய் வருகிறது என்று பொருள். இருமவிட்டுப் பக்கத்தில் இருந்தால் போதும். ஆபத்து சத்தமில்லாமல் வரும். அழ முடியாமல், இரும முடியாமல், முகம் நீலம் பாரித்தால் மூச்சு அடைத்துவிட்டது. அப்போது தண்ணீர் கொடுப்பதும், கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவுவதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் நிலைமையை மோசமாக்கும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு. பிறகு மல்லாத்தி நெஞ்சில் 5 அழுத்தம். இந்த வயதில் வயிற்றை அழுத்தக் கூடாது. ஒரு வயதுக்கு மேல் முதுகில் 5 தட்டு, பிறகு வயிற்றில் 5 அழுத்தம். அடைப்பு நீங்கும் வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். பிள்ளை நினைவிழந்தால் உடனே சிபிஆர். படித்துவிட்டு இதைச் செய்துவிட முடியாது. பொம்மையில் செய்து கை பழகியிருக்க வேண்டும்.

*காய்ச்சலில் வலிப்பு வந்தால்:* கையில் சாவிக்கொத்தைத் திணிப்போம், பல்லுக்கு நடுவே கரண்டி வைப்போம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வலிப்பு வரக்கூடும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. கை கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999. முதல் தடவை வந்ததென்றால், நின்ற பிறகும் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

*வெந்நீர் பட்டால்:* பற்பசை, கிச்சாப், தேங்காய் எண்ணெய் என்று கைக்குக் கிடைத்ததைத் தடவுவோம். தேவைப்படுவது குழாய்த் தண்ணீர் மட்டுமே. 20 நிமிடம் ஓடவிட வேண்டும். ஐஸ்கட்டி வேண்டாம்.

வராமல் தடுப்பதும் முதலுதவியில் ஒரு பகுதிதான். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். ரம்புத்தான், லோங்கான் போன்றவற்றை விதை எடுத்துச் சிறு துண்டாக்குங்கள். மீன் உருண்டையையும் அப்படியே. முழுக் கடலை வேண்டாம். பால் போத்தலைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு நகரக் கூடாது. பிள்ளையைக் கையில் வைத்துப் பால் கொடுங்கள். கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். படுக்கையில் தலையணை, பொம்மை, கனத்த போர்வை எதுவும் வேண்டாம். தூங்கும் நேரத்தில் ஒருவர் அறையிலேயே இருக்க வேண்டும்.

வீட்டில் தனியாகப் பார்க்கும் அக்காமார்களுக்கு

அடுக்குமாடி வீட்டிலோ லயத்து வீட்டிலோ இரண்டு மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் நம்மிடையே நிறைய. அந்த வருமானம் அவர்கள் வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது. அவர்கள் இல்லையென்றால் பல தாய்மார்கள் வேலைக்கே போக முடியாது. மூன்று பிள்ளைகள் வரை இந்தப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் திராட்சைப் பழம் பதிவு பார்த்து அடைப்பதில்லை. தனியாக இருப்பவருக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை, ஏனென்றால் கூப்பிட வேறு ஆள் இல்லை.

அவர்கள் செய்து வைக்கக்கூடியவை:

• கைப்பேசியை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். அவசரத்தில் 999-ஐ அழைத்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, இரு கைகளாலும் பிள்ளையைக் கவனிக்கலாம்.
• வீட்டு முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். தோட்டமாக இருந்தால் தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்த நுழைவாயில், பக்கத்தில் கோயிலோ பள்ளியோ இருந்தால் அதுவும். பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்து போகும்.
• பகலில் வீட்டில் இருக்கும் அண்டை வீட்டார் ஒருவரிடம், "நான் சத்தம் போட்டால் ஓடி வாங்க, மற்றப் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்க" என்று முன்பே சொல்லி வையுங்கள்.
• ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வாமை என்ன, பழைய நோய் என்ன, பெற்றோர் இருவரின் எண்கள் என்ன என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

நான்காவது பிள்ளையைச் சேர்க்க நினைத்தால், பயப்படாமல் மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். பதிவு என்றாலே அபராதம் என்ற எண்ணம் வேண்டாம். வீட்டிலேயே நடத்துவதற்கும் சட்டத்தில் இடம் உண்டு.

செலவும் நேரமும்

நான்கு பேரையும் பயிற்சிக்கு அனுப்பினால் தாஸ்காவை யார் பார்ப்பது? கட்டணத்தை யார் கட்டுவது? நடத்துநர்களின் இந்தக் கேள்வி நியாயமானது. பி40 குடும்பங்களின் பிள்ளைகளைக் குறைந்த கட்டணத்தில் பார்க்கும் இடங்களுக்கு இது சுமைதான்.

ஒரு வழி, கூட்டாகச் செய்வது. மலேசிய செம்பிறைச் சங்கமும் மலேசிய செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. ஒரு தாமானில் இருக்கும் மூன்று நான்கு தாஸ்காக்களும், வீட்டில் பிள்ளை பார்க்கும் பெண்களும் சேர்ந்து, மூடியிருக்கும் ஒரு சனிக்கிழமையில் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ பயிற்சியை வைத்துக்கொள்ளலாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ கேள்வி கேட்கத் தயங்கும் நம் பெண்கள், தமிழில் விளக்க ஒருவர் இருந்தால் தயங்காமல் கேட்பார்கள். ஆலய நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆண்டுக்கு ஒரு முறை இதைச் செய்யலாம்.

பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே கை மறக்கத் தொடங்கும். அதனால் மாதம் ஒரு முறை, பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், ஒரு பொம்மையை வைத்துப் பதினைந்து நிமிடம் செய்து பாருங்கள். யார் பிள்ளையைக் கவனிப்பது, யார் 999-க்கு அழைப்பது, யார் மற்றப் பிள்ளைகளை அடுத்த அறைக்கு அழைத்துப் போவது, யார் வாசலில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்டுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் முடியும் தேதிகளை நாள்காட்டியில் குறித்து, முடிவதற்கு முன்பே புதுப்பியுங்கள்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

1. தாஸ்கா சமூகநல இலாகாவில் பதிவு பெற்றதா? பதிவு பெற்ற இடமாக இருந்தால்தான் கட்டணத்துக்கு வருமான வரிக் கழிவும் கிடைக்கும்.
2. இப்போது இங்கே முதலுதவி தெரிந்தவர் யார்? அவர் விடுப்பில் போனால் யார்?
3. அவர் எடுத்த பயிற்சியில் கைக்குழந்தைக்கான சிபிஆர் இருந்ததா? சான்றிதழ் எப்போது முடிகிறது?
4. காலையில் திறக்கும்போதும் மாலையில் மூடும்போதும் எத்தனை பேர் இருப்பார்கள்?
5. பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டி வந்தால் யார் கூடப் போவார்? மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பார்?

இதைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். ஆயாவை நம்பிப் பிள்ளையை விட்டுப் போன அதே நம்பிக்கையோடுதான் இன்றும் விடுகிறோம். நல்ல தாஸ்கா நடத்துபவருக்கு இந்தக் கேள்விகளுக்கு விடை தயாராக இருக்கும். விடை இல்லாதவருக்கு, நீங்கள் கேட்டதே அடுத்த பயிற்சிக்கு ஆள் அனுப்ப ஒரு காரணமாகும்.

நாளைக் காலை பிள்ளையைக் கொண்டுபோய் விடும்போது கேட்டுப் பாருங்கள்: "இன்றைக்கு இங்கே முதலுதவி தெரிந்தவர் யாருங்க?"